குடும்பத்துக்குச் சுடும் கேக்கை ஊருக்குச் சுடலாமா?

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வீட்டில் ஒரு ஓ.டி.ஜி. (சின்ன மின்சார ஓவன்) இருக்கிறது, பிள்ளைகள் பிறந்தநாளுக்கும் சொந்தக்காரர் விசேஷங்களுக்கும் ஐந்தாறு வருஷமாகக் கேக் செய்து பழக்கம். இப்போது ஊரில் ஒரு சிறுவனின் சிகிச்சைக்குப் பணம் சேர்க்க, கிறிஸ்துமஸுக்கு 50 கிலோ பிளம் கேக் செய்து விற்பது என்று பெண்கள் குழுவில் முடிவாகி, பொறுப்பை இவர் தலையில் வைத்துவிட்டார்கள். லைசென்ஸ் வேண்டுமா, என்ன விலை வைப்பது, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், பழமெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறதே அதற்கு என்ன வழி, மாமியார் குரோஷாவும் எம்பிராய்டரியும் செய்வார் அதையும் சேர்க்கலாமா. இவ்வளவும் கேட்டுவிட்டுக் கடைசியில் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

அந்தக் கடைசி வரிதான் கேள்வி என்று எனக்குப் படுகிறது. வீட்டாருக்குச் சுடும்போது யார் சாப்பிடப் போகிறார் என்று நமக்குத் தெரியும். யாருக்கு முட்டை ஆகாது, யாருக்கு சுகர், எந்தப் பிள்ளைக்கு முந்திரி தின்றால் தடிக்கும், எல்லாம் தெரியும். கேக் கொஞ்சம் தீய்ந்தாலும் சிரித்துக்கொண்டு தின்பார்கள். காசு கொடுத்து வாங்குகிறவர் முகம் நமக்குத் தெரியாது. நல்ல காரியத்துக்கு என்று வாங்கியவர், சரியில்லை என்றாலும் வாய் திறந்து சொல்ல மாட்டார். அதனால் இந்தப் பயம் தேவையான பயம். அதை வைத்துக்கொண்டே செய்யலாம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. மனையியல் படித்து, இருபத்து நான்கு வருஷம் பள்ளியில் அதையே கற்றுக்கொடுத்தவள். ஓய்வு பெற்ற பிறகு வீட்டிலும், எங்கள் ஆலயத்து அறுப்பின் பண்டிகை (காணிக்கையாக வந்த பொருட்களை ஏலம் விடும் நாள்) ஏலத்துக்கும், இரண்டு முதியோர் இல்லங்களுக்கும் சுட்டுக்கொண்டிருக்கிறேன். பேக்கரி நடத்தியதில்லை. அதனால் கீழே சொல்வதில் சில படித்துத் தெரிந்தவை, சில என் அடுக்களையில் மட்டும் பார்த்தவை. எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் 50 கிலோ என்ற எண்ணைப் பார்ப்போம். உங்களிடம் இருப்பது 30 லிட்டர் ஓ.டி.ஜி. என்று வைத்துக்கொண்டால், ஒரு தடவைக்கு 8 அங்குல டின் ஒன்று, அதாவது ஒரு கிலோ. பிளம் கேக் 150 முதல் 160 டிகிரியில் ஒன்றேகால் மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வேக வேண்டும். சூடேற்றுவது, இறக்குவது, அடுத்த மாவு அடிப்பது எல்லாம் சேர்த்து ஒரு சுற்றுக்கு இரண்டு மணி நேரம். வீட்டுச் சமையல், பிள்ளைகள், ஜெபக்கூட்டம் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு நாளைக்கு நான்கு சுற்றுதான் முடியும். அப்படியென்றால் பன்னிரண்டு பதிமூன்று நாள், கரண்ட் போகாமல் இருந்தால். நம்மூரில் நவம்பர், டிசம்பர் மழையில் அதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. அவசரப்பட்டு ஒரே தடவையில் இரண்டு தட்டு வைத்தால், மேல் தட்டு கருகும், கீழ்த் தட்டின் நடுப்பகுதி மாவாக நிற்கும். இதை மூன்று தடவை செய்து பார்த்துத்தான் விட்டேன்.

ஆகவே வீட்டு ஓ.டி.ஜி.யில் 15 கிலோ, மிஞ்சினால் 20 கிலோவோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் பழைய வழி ஒன்று இருக்கிறது. விறகு ஓவன் உள்ள சின்ன பேக்கரியில், ரொட்டி இறக்கிய பிறகு சூடு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். அந்த இறங்கு சூடு பழக் கேக்குக்கென்றே அமைந்தது போல் இருக்கும். என் சிறுவயதில் எங்கள் அம்மை டின்களில் மாவை நிரப்பி, பெயர் எழுதின சீட்டை ஒட்டி, பேக்கரிக்குக் கொடுத்துவிடுவாள். சாயங்காலம் போய் வாங்கி வருவோம். நானும் ஒரு வருஷம் ஆட்டோவில் இருபது டின் ஏற்றிப் போயிருக்கிறேன். கனல் பக்கம் வைத்த மூன்று டின் ஓரம் கரிந்துபோனது, மற்ற பதினேழும் வீட்டில் வந்ததைவிட நன்றாக வந்தன. கேட்பதென்றால் டிசம்பர் 10-க்கு முன்னால் கேளுங்கள். அதற்கப்புறம் அவர்களுக்கே இடம் இருக்காது. அப்படிக் கொண்டுபோகும் மாவில் சோடா மட்டும் போட்டிருந்தால் வழியிலேயே அதன் வேகம் தீர்ந்துவிடும். சூட்டிலும் ஒரு முறை பொங்கும் டபுள் ஆக்டிங் பேக்கிங் பவுடர் போட்டிருந்தால் அரை மணி நேரம் தாங்கும்.

இனி விலை. போன வருஷம் நான் நோட்டில் எழுதி வைத்த கணக்கைத் தருகிறேன், இப்போதைய விலையை நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு கிலோ கேக்குக்கு வெண்ணெய் 200 கிராம் 125 ரூபாய், மைதா 200 கிராம் 12, சீனி 200 கிராம் 10, முட்டை நான்கு 28, உலர்பழங்கள் 350 கிராம் 140, முந்திரிப்பருப்பு 75 கிராம் 65, கிராம்பு பட்டை முதலான சில்லறை 10, பெட்டி, காகிதம், லேபிள் 25, கரண்ட் 10. மொத்தம் 425 ரூபாய். 600-க்கு விற்றால் கிலோவுக்கு 175 மிச்சம். 50 கிலோவுக்கு 8,750 ரூபாய். இரண்டு வாரம் இடுப்பொடிய நின்று, ஒரு குடும்பமே உதவிக்கு வந்து, கையில் நிற்பது அவ்வளவுதான். இதைச் சொன்னதும் எங்கள் குழுவில் ஒரு அக்கா, 'அப்போ நாமளே ஆளுக்கு முந்நூறு ரூபா போட்டுடலாமே' என்றார். நியாயமான கேள்விதான்.

ஆனால் இதே கணக்கைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் வேறு மாதிரி வரும். பணத்துக்குப் பதிலாகப் பொருளைக் கேளுங்கள். 50 கிலோவுக்கு வெண்ணெய் 10 கிலோ, மைதா 10, சீனி 10, முட்டை 200, உலர்பழம் பதினேழரை, பருப்பு கிட்டத்தட்ட 4 கிலோ. முப்பது வீடு இருந்தால் வீட்டுக்கு ஏழு முட்டைதான் வரும். நூறு ரூபாய் கேட்டால் யோசிக்கிறவர்கள், ஏழு முட்டை என்றால் யோசிப்பதே இல்லை. சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து ஆலயத்துக்குக் கொடுத்த பெண்களின் ஊர் இது. மார்த்தாண்டம் பக்கத்து முந்திரி ஆலைகளில் உடைந்த பருப்பு விலை குறைவாகவே கிடைக்கும், தெரிந்தவர்கள் மூலம் கேட்டால் இனாமாகவும் வரலாம். கேக்குக்கு எப்படியும் உடைக்கத்தானே போகிறோம். பொருளெல்லாம் இப்படி வந்துவிட்டால் பெட்டிக்கும் கரண்டுக்கும் மட்டும்தான் செலவு. அப்போது கிலோவுக்கு 565 ரூபாய் அந்தச் சிறுவனுக்குப் போகும், 50 கிலோவுக்கு 28,250. ஒரு கண்டிப்பு மட்டும் வேண்டும். பிரித்த பாக்கெட் எதையும் வாங்காதீர்கள், வெண்ணெயில் தேதி பாருங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

விலையைக் குறைத்து விற்றால் சீக்கிரம் போய்விடுமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம் என்பேன். உங்கள் ஊரிலேயே வீட்டில் கேக் செய்து விற்று, அதில் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுகிற ஒரு பெண் இருப்பார். டிசம்பர்தான் அவருக்கு அறுவடை. இனாமாக வந்த பொருளில் செய்த கேக்கை 350-க்கு விற்றால், தர்மம் செய்வதாக நினைத்துக்கொண்டு அவர் வயிற்றில் அடிக்கிறோம். அவர் என்ன விலைக்கு விற்கிறாரோ அதே விலை வையுங்கள். முடிந்தால் அவரையே குழுவில் சேர்த்து, 10 கிலோவை அவரிடம் காசு கொடுத்துச் செய்து வாங்குங்கள்.

லைசென்ஸ் விஷயம். 'லாபத்துக்கு இல்லையே, தர்ம காரியம்தானே' என்பது பலரும் சொல்லும் சமாதானம், சட்டத்தில் அதற்கு இடமில்லை. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், உணவுத் தொழில் என்பதற்கு விளக்கம் சொல்லும்போதே லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்று சேர்த்துத்தான் சொல்கிறது. அதன் கீழ் வந்த விதிகளில் சிறு உற்பத்தியாளர் என்ற பிரிவுக்குள், மத, சமூகக் கூட்டங்களில் உணவு வழங்குகிறவர்களும் வருகிறார்கள். இது உறுதியானது. இந்தப் பிரிவினருக்குப் பெரிய உரிமம் தேவையில்லை, பதிவு போதும். நான் பதிவு செய்தபோது வருஷத்துக்கு 100 ரூபாய் கட்டணம், போட்டோ, அடையாள அட்டை, அவ்வளவுதான். 14 இலக்க எண் ஒன்று தருவார்கள். இப்போதைய கட்டணத்தையும் விற்பனை வரம்பையும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) இணையதளத்திலோ உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமோ பார்த்துக்கொள்ளுங்கள். ஆலய வளாகத்தில் ஒரு நாள் ஏலத்துக்கு யாரும் வந்து எண் கேட்டதை நான் பார்த்ததில்லை. கேட்க மாட்டார்கள் என்பதற்காகப் பதிவு செய்யாமல் இருங்கள் என்று சொல்லவும் மாட்டேன். வீடு வீடாகவும் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்தும் விற்கப் போகிறீர்கள், அதனால் எடுத்துவிடுங்கள்.

லேபிளில் கேக்கின் பெயர், எடை, சேர்த்த பொருட்கள் அதிக அளவிலிருந்து குறைவு என்ற வரிசையில், செய்த தேதி, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும், ஒரு போன் நம்பர். கோதுமை, பால், முட்டை, முந்திரி இருக்கிறது என்று தனியாக ஒரு வரி. முட்டை சேர்த்த கேக்கை நம் சட்டம் அசைவம் என்றே கணக்கில் எடுக்கிறது, கட்டத்துக்குள் பழுப்பு முக்கோணம் போட வேண்டும். ஊரில் முட்டை சேர்க்காதவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் நல்ல மனதோடு வாங்க வருவார்கள். தெரியாமல் அவர்களைச் சாப்பிட வைக்கக் கூடாது. முட்டையில்லாத பிளம் கேக் எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள், அதில் எனக்குக் கை வரவில்லை. தயிரும் சோடாவும் சேர்த்து நான் செய்ததெல்லாம் களி மாதிரிதான் வந்தது.

எத்தனை நாள் இருக்கும்? வீடியோக்களில் ஒரு மாதம், மூன்று மாதம் என்றெல்லாம் சொல்கிறார்கள். இதில் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். பழக் கேக் ஏன் தாங்குகிறது என்பது தெரிந்த விஷயம். சீனியும் உலர்பழமும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, கிருமிக்கும் பூஞ்சைக்கும் கிடைக்க வேண்டிய ஈரம் கிடைப்பதில்லை. ஊறுகாயில் உப்பு செய்கிற வேலையை இங்கே சீனி செய்கிறது. ஆனால் உங்கள் கேக்கில் அந்த ஈரம் எவ்வளவு என்பதைச் சோதனைக்கூடத்தில் அளந்தால்தான் சொல்ல முடியும். பழத்தை எதில் ஊற வைத்தீர்கள், எவ்வளவு நேரம் வெந்தது, எப்படிக் கட்டினீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். என் அனுபவத்தில், ஆரஞ்சுச் சாற்றில் ஊற வைத்த பழத்தில் செய்து நன்றாக மூடி வைத்த கேக், நம்மூர் டிசம்பர் ஈரத்தில் இரண்டு வாரம் நன்றாக இருந்திருக்கிறது. லேபிளில் நான் போடுவது பத்து நாள். அதற்கு மேல் நான் பொறுப்பேற்க மாட்டேன்.

ஒரு வருஷம் அவசரத்தில், இளஞ்சூடு இருக்கும்போதே பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். ஆறாம் நாள் ஒரு வயதான அம்மா கேக்கோடு வீட்டுக்கு வந்து, 'டீச்சரே, இது மேல தூவுன சீனிப்பொடியா, வேற ஏதாவதா?' என்று மெதுவாகக் கேட்டார். நான் சீனிப்பொடியே தூவவில்லை. மூடியில் கோத்த நீர்த்துளிகள் சொட்டிப் பூஞ்சை பூத்திருக்கிறது. அன்று வாங்கியவர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுத் திரும்ப வாங்கிக் காசு கொடுத்தேன். அதனால் சொல்கிறேன், ராத்திரி முழுக்க ஆற விட்டு, காலையில் பட்டர் பேப்பரில் சுற்றி, அதன் மேல் இறுக்கமாக இன்னொரு சுற்று சுற்றி, பிறகு பெட்டி. போன் நம்பர் நோட்டும் வேண்டும், யாருக்கு எந்தத் தேதிக் கேக் போனது என்று.

மற்றபடி பத்திரம் என்பது சில எளிய பழக்கங்கள்தான். முட்டையை உடைக்கப் போகும்போது மட்டும் கழுவுங்கள், முன்கூட்டிக் கழுவி அடுக்கி வைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துச் சேருங்கள். வயிற்றுப்போக்கு உள்ளவரும் விரலில் சீழ்ப்புண் உள்ளவரும் அன்று அடுக்களைக்குள் வர வேண்டாம். புண்ணிலிருந்து வரும் ஒரு வகைக் கிருமி விடும் நஞ்சு, கேக் வேகும் சூட்டிலும் அழியாது. கிரீம் கேக்கை இந்த மாதிரி விற்பனைக்கு நினைக்கவே வேண்டாம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாத பொருள் அது, நம் ஆலய முற்றத்து மேசையோ முப்பது டிகிரியில் இருக்கும்.

சரி, பிளம் கேக்தான் என்று ஏன் பிடிவாதம்? 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வாரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. அக்டோபரிலேயே ஊற வைத்த பழம் ஜாடியில் கிடக்கிறது, வெண்ணெய் ஃப்ரிட்ஜில் உருகிக் கிடக்கிறது, ஓவன் வெறும் பெட்டியாக நிற்கிறது. கடலோரக் கிராமங்களில் கடலுக்குப் போனவர்கள் திரும்பி வருவார்களா என்று காத்துக்கொண்டிருந்த நாட்கள். கேக் பற்றிப் பேசவே யாருக்கும் மனமில்லை. ஆனால் அந்தக் குடும்பங்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் இருந்தது. பக்கத்து வீட்டு ஆச்சிதான் 'முந்திரிக்கொத்து போடுங்க, அதுக்குக் கரண்ட் எதுக்கு?' என்றார். சிறுபயறை வறுத்துப் பொடித்து, தேங்காயைச் சிவக்க வறுத்து, எள்ளும் ஏலக்காயும் சேர்த்து, சர்க்கரைப் பாகில் (வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் ஊரில் சர்க்கரை என்றால் வெல்லம், வெள்ளையாக இருப்பது சீனி) உருட்டி, மாவில் மும்மூன்றாகத் தோய்த்துத் தேங்காய் எண்ணெயில் பொரித்தோம். பதினாறு பெண்கள், நான்கு அடுப்பு. பெயரில்தான் முந்திரி, உள்ளே ஒரு பருப்பு கிடையாது. கொடிமுந்திரிக் குலை போல மூன்று உருண்டை ஒட்டி நிற்பதால் வந்த பெயர் என்பார்கள்.

அந்த வருஷக் கணக்கைப் பிறகு பார்த்தபோது, கேக்கில் எந்த வருஷமும் நின்றதைவிட அதில் அதிகம் நின்றிருந்தது. வெண்ணெய் இல்லை, முட்டை இல்லை, முட்டை சேர்க்காதவர்களும் சாப்பிடலாம், கூட்டமாக உட்கார்ந்து செய்யலாம். பாகு பதமாக இருந்து, தேங்காயில் பச்சை வாடை போக வறுபட்டிருந்தால் இரண்டு வாரம் டப்பாவில் அசையாமல் இருக்கும். பாகு இளகினால் மட்டும் ஐந்தாம் நாளே நூல் விடும். அதனால் என் யோசனை, கேக் 20 கிலோவோடு நிற்கட்டும், மிச்சத்துக்கு முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் (அச்சு முறுக்கு). வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு வந்து திரும்பும்போது பையில் வைத்துக்கொண்டு போவது கேக்கைவிட இதைத்தான்.

கேக்கிலும் நம்மூர்ப் பொருட்களைத் தாராளமாகச் சேர்க்கலாம். கேரளத்துத் தலச்சேரியில் 1883-இல் மம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரர் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கைச் செய்தார் என்று சொல்வார்கள். பிராந்திக்குப் பதிலாக அவர் முந்திரிப்பழமும் கதலிப்பழமும் ஊறிய நாட்டுச் சரக்கைத்தான் ஊற்றினாராம். 2021-இல் புவிசார் குறியீடு வாங்கிய கன்னியாகுமரிக் கிராம்பு கிலோவுக்கு நான்கே நான்கு போதும், ஏழெட்டு போட்டால் நாக்கு மரத்துவிடும். டூட்டி ஃப்ரூட்டியில் பாதியைக் குறைத்து ஏத்தன்பழ (நேந்திரம்பழ) வற்றல் நறுக்கிப் போடுங்கள், பிரமாதமாக இருக்கும். சக்கை வரட்டி (வெல்லத்தில் கிளறிய பலாப்பழம்) கிலோவுக்கு 100 கிராமைத் தாண்டினால் கேக் கல்லாகிவிடுகிறது. கருப்புக்கட்டிக் கேக் செய்தால் பாகு காய்ச்சி வடிகட்டி ஆற வைத்துச் சேருங்கள். ஆனால் 'சுகர் உள்ளவர்களும் சாப்பிடலாம்' என்று மட்டும் எழுதாதீர்கள். கருப்புக்கட்டியிலும் பெரும்பங்கு சீனியில் உள்ள அதே சர்க்கரைச் சத்துதான், இதில் சந்தேகமே இல்லை. மார்த்தாண்டம் தேன் ஊற்றிய கேக்கென்றால் ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் போடுங்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து கேக் வேகும் சூட்டில் சாகாது. ரம், பிராந்தி எதுவும் விற்கிற கேக்கில் வேண்டாம். வீட்டு ஒயினையும் ஒரு பாட்டில் சேர்த்து விற்கலாமே என்று கட்டாயம் யாராவது கிளம்புவார்கள். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-லிருந்து இருக்கிறது என்று சொல்லி உட்கார வைத்துவிடுங்கள்.

உங்கள் மாமியாரின் கைவேலையைக் கட்டாயம் சேருங்கள். அது கெடாது, கரண்ட் கேட்காது, விற்காததை அடுத்த வருஷமும் வைக்கலாம். இதற்கு நம் மாவட்டத்தில் 200 வருஷப் பழக்கம் இருக்கிறது. லண்டன் மிஷன் போதகர் மால்ட் ஐயரின் மனைவி மார்த்தா மால்ட் 1820-களில் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அதில் வந்த காசில் பள்ளிக்கூடம் நடந்தது, அடிமைப்பட்டிருந்த பெண்கள் சிலர் தங்கள் விடுதலைக்கான பணத்தையே கட்டினார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்ததே 1855-இல்தான். விலை வைக்கும்போது மட்டும் மாமியாரைக் கேட்காதீர்கள், 'ஐம்பது ரூபா போதும் மக்களே' என்பார். எத்தனை நாள் பிடித்தது என்று கேட்டு நீங்களே விலை போடுங்கள். இல்லையென்றால் ஏலத்தில் விடுங்கள். எங்கள் அறுப்பின் பண்டிகையில் ஒரே மேசை விரிப்பை எடுத்தவர் திரும்பக் கொடுக்க, மறுபடி ஏலம், மறுபடி திருப்பல் என்று மூன்று முறை போய்க் கடைசியில் எடுத்தவருக்கே வீட்டுக்குக் கொண்டுபோகக் கூச்சமாகிவிட்டது.

பணத்தை உங்கள் சொந்த ஜிபேயில் வாங்காதீர்கள். நாளைக்கு ஒரு ரூபாய் கணக்கு இடித்தாலும் பேச்சு உங்கள் மேல்தான் வரும். குழுவின் கணக்கோ சிறுவனின் பெற்றோர் கணக்கோ இருக்கட்டும். ரொக்கத்தை இரண்டு பேர் சேர்ந்து எண்ணட்டும், யார் என்ன பொருள் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதி வாசலில் ஒட்டுங்கள். வரி, ரசீது விவரமெல்லாம் ஆடிட்டரிடம் கேட்க வேண்டியவை, அது என் துறை இல்லை.

கடைசியாக, அடியில் தங்கும் பழம். மாவில் புரட்டிப் போட்டால் தங்காது என்பது பாதிதான் சரி. முக்கியக் காரணம் கலவை நீர்த்திருப்பது. கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் உடனே விழாமல், ஒரு நொடி யோசித்துவிட்டு விழ வேண்டும். ஊறிய பழத்தைச் சல்லடையில் ஒரு மணி நேரம் வடிய விடுங்கள். டூட்டி ஃப்ரூட்டியின் பாகைக் கழுவித் துணியில் ஒற்றுங்கள். செர்ரியை நான்காக நறுக்குங்கள், முழுசாகப் போட்டால் எந்தக் கலவையும் தாங்காது. பிறகு அளந்த மைதாவிலிருந்தே இரண்டு ஸ்பூன் எடுத்துப் புரட்டிச் சேருங்கள். வெண்ணெயும் சீனியும் அளவுக்கு மேல் அடிபட்டுப் பஞ்சாகிவிட்டாலும் பழம் இறங்கும். மிக்சர் இருக்கிறதே என்று பத்து நிமிஷம் ஓட்டாதீர்கள், நான்கு நிமிஷம் போதும். இந்தச் சனிக்கிழமையே ஒரு கிலோ சுட்டுப் பாதியை மறுநாள் வெட்டிப் பாருங்கள். மீதிப் பாதியைச் சுற்றி அலமாரியில் வைத்து, தேதி எழுதி, பதினைந்தாம் நாள் எடுத்துப் பாருங்கள். அது எப்படி இருந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.